சும்மா கிடக்கிற அறை: நாய் காப்பகம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் கோவிந்தாபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போயிருந்தேன். இரண்டு பெண்கள் சேர்ந்து அங்கே ஒரு நாய் காப்பகம் ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் 2015லிருந்து இதே வேலையாக இருக்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, ஒரு தடவை வந்து பார்த்துட்டு என்ன சரியில்லைன்னு சொல்லுங்க" என்று கூப்பிட்டார்கள்.

இடம் நன்றாகவே இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடியைத் தடவிப் பார்த்தேன், வழுவழுப்பு இல்லை. தினமும் தேய்த்துக் கழுவுகிறார்கள். நாய்களின் காதுமடலைப் புரட்டினால் உண்ணி இல்லை. சந்தோஷமாக இருந்தது. கடைசியாக, தோப்பின் மூலையில் தனியாக நிற்கும் சின்ன அறையைக் காட்டினார்கள். புதிதாக வரும் நாயைத் தனியே வைத்துப் பார்ப்பதற்காகக் கட்டியது. உள்ளே ஆறு அரிசி மூட்டை, ஒரு ஒடிந்த கட்டில், கட்டிலுக்கு அடியில் ஒரு தாய் நாயும் நான்கு குட்டிகளும். "சும்மாதானே கிடந்துச்சு, அதான்" என்றாள் இளையவள்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே வார்த்தையைச் சொல்லித்தான் நானும் ஒரு காலத்தில் அந்த அறையை நிரப்பினேன்.

நாய்க்குச் சாக்லேட் கொடுக்காதீர்கள், வெயிலில் கட்டாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. காப்பகம் தொடங்கும் அளவுக்கு நாய்மேல் பாசம் உள்ளவர்களுக்கு அது தெரியும். பாசம் இருப்பதாலேயே செய்துவிடுகிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

காலி அறையை நிரப்புவது

எங்களுடையது பத்துக்கு எட்டடி. ஹாலோ பிளாக் சுவர், ஷீட் கூரை, ஒரு பக்கம் சரிவாக வழித்த சிமென்ட் தரை, தனிச் சாக்கடை. மற்ற கூண்டுகளிலிருந்து நாற்பதடி தள்ளி, மோட்டார் ரூமை ஒட்டிக் கட்டினோம். முதல் மூன்று வருடம் ஒழுங்காகத்தான் இருந்தது. எந்த நாய் வந்தாலும் 14 நாள் அங்கே. அதற்கென்று தனித் தட்டு, தனித் துடைப்பம், தனிச் செருப்பு.

2018 ஆகஸ்டு வெள்ளம் வந்தது. மலம்புழை அணையைத் திறந்து, கல்பாத்திப் புழை பொங்கி, பாலக்காடு டவுனில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பூமி, பெரிய பாதிப்பு இல்லை. அதனால் நாய்களை எங்களிடம் கொண்டு வந்தார்கள். ஒரு குட்டியானை வண்டியில் ஒன்பது நாய், எல்லாம் நனைந்து நடுங்கிக்கொண்டு. அன்றைக்கு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்த அறையில்தான் வைத்தோம். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

தவறு அதற்கப்புறம் நடந்தது. செப்டம்பர் ஆயிற்று, வெள்ளம் வடிந்தது, ஐந்து நாய்களை வீட்டுக்காரர்கள் வந்து கூட்டிப் போனார்கள். நான்கு மிஞ்சின. பொதுக் கூண்டுகளில் இடம் இல்லை. "அங்கேயே இருக்கட்டும், பழகிருச்சு" என்று விட்டுவிட்டேன். தனி அறை அன்றோடு சாதாரண அறையாகிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை.

அக்டோபரில் ஒரு சாயங்காலம். பைக்கில் ஒருவர் வந்தார். ஹேண்டிலில் துணிக்கடைக் கட்டைப்பை. பைக்குள் துண்டைச் சுற்றி ஒரு குட்டி, இரண்டு மாதம் இருக்கும், செவலை, நெற்றியில் மட்டும் வெள்ளை. "ரெண்டே நாள் வெச்சுக்கங்க, ஊருக்குப் போயிட்டு வந்து எடுத்துக்கறேன்" என்றார். குட்டி என் விரலைச் சப்பியது. தனி அறையில் இடம் இல்லை. குட்டிகள் இருந்த மண் தரைக் கூண்டில் விட்டேன். அங்கே ஏற்கெனவே பதினான்கு குட்டி.

மூன்றாம் நாள் அது பாலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. மத்தியானம் மஞ்சள் நுரையாக வாந்தி. மறுநாள் இரத்தம் கலந்த பேதி. அந்த வாடையை ஒரு முறை பிடித்தவர்களுக்கு அப்புறம் பரிசோதனைச் சீட்டு தேவைப்படாது. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். பையோடு வந்தவர் திரும்பி வரவில்லை, நம்பரும் நான் வாங்கி வைக்கவில்லை.

மூன்று வாரத்தில் பதினொரு குட்டிகள் போயின. பழைய குட்டிகளில் நான்குதான் பிழைத்தன. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு சாண் நீளமுள்ள உடம்பில் நரம்பு தேடி டிரிப் ஏற்றியிருக்கிறோம். காலையில் போய்ப் பார்த்தால் விறைத்துக் கிடக்கும். குழி தோண்டிய தம்பி ஒரு வாரத்துக்குப் பிறகு வரவே இல்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இந்தக் கிருமியின் சங்கதி தெரிந்தால்தான் காலி அறையின் அருமை புரியும். உடம்புக்குள் புகுந்து மூன்றிலிருந்து ஏழு நாளில் நோய் தெரியும், சிலதுக்கு இரண்டு வாரம்கூட ஆகும். நோய் வெளியே தெரிவதற்கு முன்பே கழிவில் கிருமி வெளியேற ஆரம்பித்துவிடும். துள்ளி விளையாடுகிற குட்டியைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. பினாயிலுக்கும் டெட்டாலுக்கும் கையில் தடவுகிற சானிடைசருக்கும் இது சாகாது. சாவது பிளீச்சுக்கு: 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஒரு பங்கு, தண்ணீர் முப்பது பங்கு. அதுவும் முதலில் சோப்புப் போட்டுக் கழிவை முழுக்கத் தேய்த்து எடுத்தபிறகு ஊற்றி, பத்து நிமிஷம் ஈரமாகவே நிற்க விட வேண்டும். அழுக்கின்மேல் ஊற்றினால் வீண். மண் தரையிலும் வீண், மண்ணே பிளீச்சின் வீரியத்தைக் கெடுத்துவிடும். மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம்கூடக் கிருமி உயிரோடு கிடக்கும். அந்தக் கூண்டில் ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் குட்டியை விடவில்லை. அந்த ஒரு வருடத்தில் எத்தனை குட்டிகளைத் திருப்பி அனுப்பினோம் என்ற கணக்கு என்னிடம் இல்லை. இரண்டு நாளுக்கென்று வந்த ஒன்றை ஏற்றுக்கொண்டதன் விலை அது.

"தடுப்பூசி போட்டுட்டோமே" என்பார்கள். குட்டிக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இரத்தத்தில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ஒரு ஊசியை நம்பிப் புதுக்குட்டியைக் கூட்டத்தில் விடுவது சூதாட்டம்.

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால்தான். காப்பகத்தைப் பார்க்க வருகிறவர்கள், நன்கொடை தருகிறவர்கள், பக்கத்துத் தோப்புக்காரர், எங்கள் வீட்டுப் பெரியவர்கள், எல்லோரும் அந்த அறை முன்னால் நின்று கேட்பார்கள்: "இது சும்மாதானே கிடக்குது? இதுல ரெண்டு நாய் வெக்கலாமே?" அது சும்மா கிடக்கவில்லை. வெளியே இருக்கிற அறுபது நாய்க்கும் அதுதான் காவல். தீயணைப்பு வண்டி நிலையத்தில் நிற்பதைப் பார்த்து யாராவது அதில் மண் ஏற்றச் சொல்வார்களா?

அப்படியானால் வாசலில் குட்டியோடு நிற்பவரிடம் என்ன சொல்வது? நாங்கள் இப்போது செய்வது இதுதான். அறை காலியாக இருந்தால் குட்டி உள்ளே, 14 நாள். இருமலோ கண்ணில் பீளையோ இருந்தால் அது டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அது வெளிப்பட ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம் என்பதால் நாள் நீளும். அறையில் ஏற்கெனவே நாய் இருந்தால், கொண்டு வந்தவரிடம் அப்படியே சொல்லிவிடுவோம்: "நாய் உங்க திண்ணையில, செலவு எங்களுது." சாப்பாடு, ஊசி, டாக்டர் எல்லாம் எங்கள் பொறுப்பு. பதினாலு நாள் உங்கள் வீட்டில் ஒரு மூலை மட்டும் கொடுங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறவர்களில் சிலர் பதினைந்தாம் நாள் நாயைக் கொடுக்க மாட்டேன் என்று நிற்பார்கள். அதைவிட நல்ல தத்து கிடையாது.

அறைச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். அரிசி மூட்டையை அங்கே வைக்கவே வைக்காதீர்கள். முதலில் மூட்டை வரும், பின்னாலேயே கட்டில் வரும், அப்புறம் நாய் வரும். எத்தனை நாய்க்கு உங்களால் முடியும் என்ற எண்ணையும் வாசலிலேயே எழுதி வையுங்கள். எங்களுக்கு அறுபது. அறுபது நாய்க்கு நாளைக்குப் பதினைந்து கிலோ அரிசி வேகிறது. ஒரு நாய் பன்னிரண்டு, பதினைந்து வருடம் இருக்கும். "ரெண்டு நாள்" என்று வாங்குகிற ஒவ்வொன்றையும் அந்தக் கணக்கில் வைத்துத்தான் வாங்க வேண்டும்.

நன்றாக இருக்கும் தெருநாயைத் தூக்கி வருவது

கோபாலபுரம் செக்போஸ்ட் டீக்கடையில் ஒரு நாய் இருந்தது. முன்னங்கால் கோணல். அந்த வழியாகப் போன ஒரு கல்லூரிப் பெண் மனசு கேட்காமல் ஆட்டோ பிடித்து எங்களிடம் கொண்டு வந்துவிட்டாள். டாக்டர் பார்த்தார். பழைய முறிவு, தானே கூடியது, வலி இல்லை. எட்டு நாள் அது எங்களிடம் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. கேட்டைப் பார்த்தே படுத்திருந்தது. திரும்பக் கொண்டுபோய் விட்டபோது டீக்கடைக்காரர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார். அதற்குள் அந்த இடத்துக்கு ஊசி போடாத, கருத்தடை செய்யாத இரண்டு புது நாய்கள் வந்திருந்தன.

விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், 2001ல் வந்ததும் சரி, அதற்குப் பதிலாக 2023ல் வந்ததும் சரி, கருத்தடையும் ரேபீஸ் ஊசியும் செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்வது இதனால்தான். அடிபட்டது, புழுப்புண் வைத்தது, யாரோ காரில் கொண்டுவந்து வாளையார் ரோட்டில் இறக்கிவிட்டுப் போன வீட்டு நாய், இவற்றுக்குத்தான் காப்பகம். மற்றதற்கு ஊசியும் கருத்தடையும் போதும்.

கடியை மறைப்பது

எங்கள் தன்னார்வலர் ஒருவன், பாலிடெக்னிக் பையன், ஏப்ரல் மாத வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு வந்தான். மூன்றாம் நாளும் அதேபோல வரவே, கையைப் பிடித்து மடித்துப் பார்த்தேன். நான்கு பல் பதிந்திருந்தது, மஞ்சள் அப்பியிருந்தது. "சொன்னா நாயைத் திட்டுவீங்கன்னுதான்க்கா" என்றான். அந்த நாய் வந்து ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. அன்றைக்கே தாலுகா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்தோம். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பத்து நாளும் அவன் அம்மா போன் செய்யும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கியது.

கடியோ, பல் பட்ட கீறலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் கூடாது. அன்றே ஊசி. தோலில் போடுகிற முறையில், முதல் ஊசி நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28ஆம் நாள். இரத்தம் வந்த காயத்துக்கு, உடனே பாதுகாப்புத் தருகிற இம்யூனோகுளோபுலின் மருந்தும் உண்டு. எல்லைப் பக்கத்து ஆட்களுக்கு ஒன்று: முதல் ஊசி கேரளத்துச் சித்தூரிலும் அடுத்தது பொள்ளாச்சியிலும் போட நேர்ந்தால், சீட்டைத் தொலைக்காதீர்கள். முதல் சீட்டில் இருக்கிற தேதிதான் கணக்கு.

இப்போது யார் வேலைக்கு வந்தாலும் நாய்ப் பக்கம் விடுவதற்கு முன்பே மூன்று தடுப்பூசி போடச் சொல்லிவிடுகிறோம், 0, 7, 21ஆம் நாள். அதன்பின் கடிபட்டால் இரண்டே ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. கடித்ததற்காக ஒரு நாயையும் அடிக்க மாட்டோம், ஒதுக்க மாட்டோம் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம்.

கருத்தடை செய்யாமல் தத்துக் கொடுப்பது

"வளர்ந்ததும் செஞ்சுடறோம்" என்பார்கள். செய்ய மாட்டார்கள். செய்து அனுப்புங்கள். குட்டியாக இருந்தால் ஆபரேஷன் தேதியைக் குறித்து, நீங்களே போய்த் தூக்கி வாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்புவது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் இடம் திருவிழா மாதிரி இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து கார், பாலக்காட்டிலிருந்து பைக், கை நிறைய பிஸ்கட் பாக்கெட். எல்லோரும் குளிப்பாட்டுவார்கள், போட்டோ எடுப்பார்கள். திங்கட்கிழமை அறுபது நாயில் இருபதுக்குப் பேதி, அள்ள ஒருவரும் இருக்க மாட்டார்கள். வருகிறவர்களின் அன்பு நிஜம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை வைத்து வாரத்தை ஓட்ட முடியாது.

இரண்டாவது ஷெட் கட்டும் முன் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். சமைத்து, கழுவி, எந்த நாய் இன்று தட்டை மிச்சம் வைத்தது என்று கவனிக்கிற ஒருவர். எங்களிடம் அந்த வேலையைச் செய்கிற அக்கா சோற்றைப் போட்டுவிட்டு நகர மாட்டார், வரிசையைப் பார்த்தபடி நிற்பார். "கருப்பன் ஒரு பக்கமாத்தான் மெல்லறான்" என்று அவர் சொன்னதால்தான் அவன் கடைவாயில் குத்தியிருந்த எலும்புத் துண்டு தெரிந்தது. வெந்த கோழி எலும்பு. அன்றிலிருந்து கறிக்கடைக் கழிவில் எலும்பைப் பிரித்துவிட்டுத்தான் வேக வைக்கிறோம்.

தன்னார்வலருக்கு "வந்து உதவுங்க" என்று பொதுவாகச் சொல்லாமல் ஒரு கிழமையும் ஒரு வேலையும் பிரித்துக் கொடுங்கள். புதன்கிழமை உண்ணி எடுப்பது, வெள்ளிக்கிழமை மருந்து வாங்குவது, இப்படி. எங்கள் பக்கத்தில் ஒரு வசதி உண்டு, அதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. ஓணத்துக்கு மலையாள வீட்டுப் பிள்ளைகள் வர மாட்டார்கள், பொள்ளாச்சிப் பக்கத்தவர்கள் வருவார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அப்படியே தலைகீழ். இரண்டு பக்கமும் ஆள் சேர்த்து வையுங்கள்.

பட்டாசு

விஷுவுக்கும் தீபாவளிக்கும் சத்தத்தில் மிரண்டு ஓடுகிற நாயை நிறுத்த ஒரு கேட் போதாது. இரட்டைக் கேட்.

கூரை

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி இருப்பவர்களுக்குப் பழமொழி மட்டுமில்லை. ஷீட்டை ஆணியடித்து நிறுத்தாமல் கொக்கிப் போல்ட் போட்டு இறுக்குங்கள். மார்ச்சுக்குள் மேலே வெள்ளையடித்து விடுங்கள்.

மருந்துக் கடையில் கடன்

வேண்டாம்.

வலியை இழுத்தடிப்பது

டிஸ்டெம்பர் மூளைக்கு ஏறிய ஒரு நாயை நான் பத்தொன்பது நாள் வைத்திருந்தேன். தூக்கத்திலும் தாடை வெட்டிக்கொண்டே இருக்கும், வெறும் வாயை மெல்லுவது போல. டாக்டர் ஐந்தாம் நாளே சொன்னார், போதும் என்று. நான்தான் நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மிச்சம் பதினான்கு நாளும் அது எனக்காகத்தான் கஷ்டப்பட்டது. இப்போது டாக்டரும் நானும் அக்காவும் உட்கார்ந்து பேசி அன்றே முடிவெடுக்கிறோம். அழுகிறவர் அழட்டும், ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

எழுதி வைக்காமல் இருப்பது

ஒரு நாய்க்கு ஒரு பக்கம். வந்த தேதி, எங்கிருந்து, கொண்டு வந்தவர் போன் நம்பர், எடை, பல்லைப் பார்த்துச் சொன்ன வயது, ஊசித் தேதிகள். போனில் ஏற்றாதீர்கள், போன் மாறும். நூறு பக்க நோட்டு வாங்கி, அட்டை போட்டு, மருந்து அலமாரியிலேயே கயிற்றில் கட்டித் தொங்க விடுங்கள். பேனாவையும் சேர்த்துக் கட்டுங்கள்.

எங்கள் முதல் நாய் செம்பி. போன தை மாதம் மோட்டார் ரூம் நிழலில் தூக்கத்திலேயே போனாள். எத்தனை வயசு என்று அக்கா கேட்டார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பெயர் மட்டும்தான் எழுதியிருந்தேன்.